தீவு முழுவதற்கும் ஒரே அங்ககச் சான்று

அந்தமான் நிக்கோபாரைச் சேர்ந்த கார் நிக்கோபார் தீவில் தென்னந்தோப்பு பெரும்பாலும் தனி ஆள் பேரில் இருக்காது. 'துஹெத்' என்கிற கூட்டுக் குடும்பத்தின் சொத்து அது. அப்படியிருக்க, ரசாயனம் இல்லாமல் விளைந்தது என்று சொல்லும் அங்ககச் சான்றை (ஆர்கானிக் சான்று) யார் பேரில் கொடுப்பது? பட்டாவுக்கும் சர்வே எண்ணுக்கும் பழகிய அதிகாரிக்கு இது தலைவலிதான்.

மத்திய அரசின் அங்கக வேளாண் திட்டமான பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனாவில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: பெரும்பரப்புச் சான்று. ரசாயன உரம் போட்ட நிலம் அங்கக நிலமாகக் கணக்கில் வர இரண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். உரமூட்டையே எட்டிப் பார்க்காத தீவில் எதற்காகக் காத்திருப்பது? அதனால் இந்த முறையில் அந்தப் பரப்பு மொத்தத்துக்கும் சேர்த்து, ஏறக்குறைய உடனே சான்று கொடுத்துவிடுகிறார்கள். கார் நிக்கோபார், நன்கௌரி தீவுக் கூட்டங்களில் 14,491 ஹெக்டேர் 2021-இல் முதன்முதலாக இப்படிச் சான்று பெற்றது. லட்சத்தீவில் பயிர் நிலம் முழுவதும், அதாவது 2,700 ஹெக்டேரும், இந்த வழிக்கு வந்தது.

சும்மா கிடைத்துவிடவில்லை. நிக்கோபாரில் ரசாயன இடுபொருளை விற்க, வாங்க, இருப்பு வைக்க, பயன்படுத்தத் தடை போட்டார்கள். யாருடைய தோப்பு, என்ன ரகம், எப்படி வளர்க்கிறார்கள் என்று தீவு வாரியாகப் பதிவேடு தயாரித்தார்கள். சான்றுக்கு ஆயுள் ஒரு வருடம். வருடா வருடம் சக விவசாயிகளே தோப்பைப் பார்த்துச் சரி சொன்னால் புதுப்பிப்பு.

இது பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்பு உத்தரவாத முறை. இந்தச் சான்று உள்நாட்டு விற்பனைக்குச் செல்லுபடியாகும். தேங்காய் எண்ணெயை அங்ககம் என்று சொல்லி ஏற்றுமதி செய்ய வேண்டுமானால் என்.பி.ஓ.பி. எனப்படும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் சான்று தனியாக வாங்க வேண்டும். அதற்கு வெளியார் நிறுவனம் வந்து ஆய்வு செய்யும், கட்டணமும் உண்டு.

அப்புறம் விலை. பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். அங்ககச் சான்று எண்ணெய் எப்படி விளைந்தது என்பதைச் சொல்லும். எவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்று சொல்லாது. ஃபேர்டிரேட் எனப்படும் நியாய வணிகச் சான்று வேறு. பல பொருள்களுக்கு அதில் அடிமட்ட விலை உண்டு. அதற்கு மேல் ஒரு தொகை விவசாயிகள் குழுவுக்குப் போகும், அதை எதில் செலவிடுவது என்று குழுவே முடிவெடுக்கும். அரசுத் தரப்பில் இருப்பது கொப்பரைக்கான குறைந்தபட்ச ஆதரவு விலை: 2025 பருவத்துக்கு, எண்ணெய் ஆட்டும் அரவைக் கொப்பரை குவிண்டால் 11,582 ரூபாய், முழுசாக இருக்கும் பந்துக் கொப்பரை 12,100 ரூபாய் என்று இருந்தது. அங்ககச் சான்று கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விலைதான். என்னைக் கேட்டால், திட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை இதுதான்.