21ஆம் நாளுக்குள் வந்த இரும்பு

"இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இதற்கு நான் பார்த்ததிலேயே தெளிவான விடை சுண்டெலிகளிடமிருந்து வந்ததுதான்.

ஹீமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும் என்பது பள்ளிப் பாடம். மூளைக்கும் வேண்டும். நரம்பு செல் ஆற்றல் தயாரிக்கவும், நரம்பு செல்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் உருவாகவும், நரம்பிழைகள் மயலின் என்ற கொழுப்பு உறையைப் போர்த்திக்கொள்ளவும் இரும்பு தேவை. பற்றாக்குறை வந்தால் உடல் முதலில் சிவப்பணுக்களைத்தான் கவனிக்கும். மூளை காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, இரும்பு குறைந்த எலி பாடம் கற்கத் திணறுகிறது. காரணம் மூளையா, ரத்தசோகையால் வந்த சோர்வா? இதைப் பிரித்துப் பார்க்க மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்வது டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம். நரம்பு செல்லின் மேல் இருக்கும் ஏற்பி அதைப் பிடித்து உள்ளே இழுக்கும். ஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் பகுதி செல்களில் மட்டும் பழுதான ஏற்பி உருவாகும்படி எலியின் மரபணுவை மாற்றினார்கள். ரத்தத்தில் இரும்புக்குக் குறைவில்லை, எலிக்குச் சோகையும் இல்லை. அந்தச் செல்கள் மட்டும் பட்டினி! அதோடு ஒரு சுவிட்சும் வைத்தார்கள். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தால் பழுதான ஏற்பியின் உற்பத்தி நின்றுவிடும், இரும்பு மறுபடி உள்ளே போகும்.

அப்புறம் நீச்சல் தேர்வு. கலங்கிய தண்ணீருக்கு அடியில் ஒரு சிறு மேடை மறைந்திருக்கும். சுற்றியுள்ள அடையாளங்களை நினைவில் வைத்துத்தான் எலி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பால்குடி மறக்கும் பருவமான 21ஆம் நாளில் இரும்பு திரும்பக் கிடைத்த எலிகள், வளர்ந்த பிறகு நன்றாகவே கற்றன. 42ஆம் நாளில் கிடைத்தவை தடுமாறின. செல்லுக்குள் இரும்பு வந்துவிட்டது, ஆனால் அந்தச் செல்கள் கிளை விட்டு இணைப்புகளை அமைக்கும் பருவம் கடந்துவிட்டது.

மருந்தாக உடனே விற்க முடியாத இப்படிப்பட்ட அடிப்படை ஆய்வுகளுக்குத்தான் இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். 'ஞாபகசக்தி டானிக்' விற்பவர்கள் காலக்கெடுவைப் பற்றிப் பேசுவதே இல்லை.

மிகையும் ஆபத்துதான். பிறந்த சில நாட்களில் அளவுக்கு மீறி இரும்பு கொடுக்கப்பட்ட சுண்டெலிகளும் வளர்ந்தபின் கற்பதில் பின்தங்கின. கட்டுப்பாடற்ற இரும்பு, செல்லுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து கொழுப்புப் படலங்களைச் சிதைக்கும் மூலக்கூறுகளை உண்டாக்கும்.

மாத்திரை வாங்கும் முன் மருத்துவரிடம் ஹீமோகுளோபினோடு, இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். சோகை வருவதற்கு முன்பே இரும்புச் சேமிப்பு கரைவதை அது காட்டிவிடும்.