அனுமன் காசும் ஒரு டம்ளர் தண்ணீரும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, சித்தப்பா மகன் மஞ்சள் துணியில் மடித்து வைத்திருந்த ஒரு காசை எடுத்து என் கையில் வைத்தான். ஒரு பக்கம் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறக்கும் அனுமன். மறுபக்கம் ஆங்கிலத்தில் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’, ‘யு.கே.எல். ஒன் அணா’, 1818. அனுமன் வாலுக்குக் கீழே பிறை போல ஒரு சின்னக் கீறல். எட்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறான். இடி விழுந்து இரிடியம் என்ற அரிய உலோகம் ஏறிய செம்பு, அரிசியைக் கிட்டே கொண்டுபோனால் இழுக்கும், வெளியே லட்சக்கணக்கில் போகும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

“நீங்க பாத்து சொல்லுங்கண்ணே, சரிதானே?” என்றான்.

சரியில்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் ‘போலி’ என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் அவன் நம்பப் போவதில்லை. ஏன் போலி என்று அவன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். அதற்கு அன்று மத்தியானம் முழுக்க ஆனது.

முதலில் காசில் இருப்பதைப் படித்தோம். ‘யு.கே.’ என்று சுருக்குகிற ஐக்கிய ராஜ்யம் உருவானதே 1801இல்தான். இதே அனுமனையோ ராமர் பட்டாபிஷேகத்தையோ, இதே யு.கே.எல்.லோடு போட்டு 1616 என்றும் 1717 என்றும்கூடக் காசுகள் சந்தையில் சுற்றுகின்றன. 1616இல் கம்பெனிக்குச் சென்னையில் கோட்டையே கிடையாது. சூரத்தில் ஒரு பண்டகசாலை வைத்து, ஜஹாங்கீர் தயவில் வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்த காலம் அது. 1616, 1717, 1818 என்று இரட்டை இரட்டையாக வரும் எண்களைப் பாருங்கள். எளிதில் மனதில் நிற்கிற எண்ணாகத் தேடி எடுத்திருக்கிறார்கள்.

அடுத்து அணா. சென்னை ராஜதானியில் 1818 வரைக்கும் கணக்கே வேறு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்த வருஷம்தான் வராகன் போய் ரூபாய் வந்தது. 1835இல் இந்தியா முழுவதற்கும் ஒரே நாணயச் சட்டம் போட்டபோதும், கம்பெனி செம்பில் அடித்தது அரையணாவும் அதற்குக் கீழே உள்ளவையும்தான். ஓரணா என்று தனி நாணயம் வந்தது எட்வர்ட் மன்னர் காலத்தில். அதுவும் செம்பும் நிக்கலும் கலந்து, வளைவு வளைவான விளிம்போடு. கம்பெனிக் காலத்தில் ‘அணா’ என்று பொறித்த செப்பு வில்லைகள் உண்டு. 1774இல் பாட்னாவில் தபால் கட்டணத்துக்காக அடித்த இரண்டணா வில்லை அப்படிப்பட்டது. அதில் சாமி படம் இல்லை, யு.கே.எல்.லும் இல்லை.

இந்த இடத்தில் விற்பவர்கள் ஒன்று சொல்வார்கள்: “கம்பெனிக்காரன் நம்ம சாமியைக் காசுல போட்டது உண்மைதானே?” உண்மைதான். 1808ஆம் ஆண்டு வாக்கில் சென்னையில் அடித்த அரை வராகன் வெள்ளி நாணயத்தில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் பெருமாள். சிறிய பண நாணயங்களில் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து இருக்கும். கோயில்களில் பக்தர்கள் வாங்கி வீட்டுப் பூஜையில் வைத்துக்கொண்ட ‘ராமதங்கா’ என்னும் வில்லைகளும் நிஜம். ஆனால் அவை செலாவணி நாணயம் அல்ல, அவற்றுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமும் இல்லை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒட்டுப் போட்டுத்தான் அனுமன் அணா பிறந்திருக்கிறது. அப்படியொரு அசல் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அசலைப் பார்த்துச் செய்த நகலைவிட இந்த வகை எனக்கு மோசமாகப் படுகிறது. நகலை அசலோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். இதற்கு எதை வைத்து ஒப்பிடுவது?

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. 1857 வாக்கில் லண்டனில் தேம்ஸ் கரையில் பொருள் பொறுக்கிப் பிழைத்த வில்லியம் ஸ்மித், சார்ல்ஸ் ஈட்டன் என்ற இருவர், இடைக்கால யாத்திரிகர் வில்லைகள் என்று சொல்லி ஈய வில்லைகளை ஆயிரக்கணக்கில் வார்த்து விற்றார்கள். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் வில்லைகளில் இருந்த எழுத்துகளுக்கு அர்த்தமே இல்லை. பதினோராம் நூற்றாண்டுத் தேதிகளை 1, 2, 3 என்ற எண்களில் போட்டிருந்தார்கள். அந்த எண்கள் ஐரோப்பாவில் பரவலானது அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. அப்படியிருந்தும் தேர்ந்த தொல்பொருள் ஆய்வாளர்களே சிலர் ஏமாந்தார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது.

எழுத்தை வைத்துச் சொன்னதைத் தம்பி பொறுமையாகக் கேட்டான். ஆனால் முகம் தெளியவில்லை. சரி, உலோகத்தையே கேட்போம் என்று பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்தேன்.

கம்பெனியின் செப்புக் காசுகள் அச்சடித்தவை. எஃகு அச்சுகள் இரண்டுக்கு நடுவே செப்பு வில்லையை வைத்து ஓங்கி அழுத்தும்போது, உலோகம் பிசைந்த மாவு போல நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நகர்ந்து அச்சின் பள்ளங்களை நிரப்பும். அதனால் எழுத்தின் பக்கச் சுவர்கள் செங்குத்தாக நிற்கும், எழுத்துக்கு இடையிலுள்ள வெளி சமமாக இருக்கும். சென்னைக்காக 1803இலும் 1808இலும் இருபது காசு, பத்துக் காசு அடித்தது பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ ஆலை. நீராவியில் ஓடும் இயந்திரம், வில்லையைச் சுற்றி ஒரு வளையம். அதனால் ஒவ்வொரு காசும் கச்சிதமான வட்டம்.

வார்த்த காசின் பிறப்பு வேறு. உருக்கிய உலோகம் மணல் அச்சுக்குள் ஓடும்போது காற்று மாட்டிக்கொள்ளும். அது ஊசி முனைத் துளைகளாகத் தங்கிவிடும். மணலின் சொரசொரப்பும் மேலே பதியும். இரண்டு அச்சுப் பாதிகளும் சேரும் இடத்தில் ஓரமெல்லாம் ஒரு கோடு விழும். அதை அரத்தால் ராவியிருப்பார்கள். ராவின தடம் தெரியும். உலோகம் ஆறும்போது சுருங்கும். செம்புக் கலவைகள் நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு சுருங்குவதால், அசலை வைத்து அச்செடுத்து வார்த்த நகல் அதைவிட அரை மில்லிமீட்டர் குறைந்து நிற்கும்.

தம்பி காசில் அனுமனின் கதாயுதம், மலை, பக்கத்து எழுத்து எல்லாமே பாதி கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருந்தன. “புழங்கித் தேஞ்சிருக்கும்ல?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் புழக்கத்தில் தேயும் காசு மேட்டில்தான் தேயும். முழங்கால், மூக்கு, எழுத்தின் நெற்றி போகும். பள்ளத்தின் மூலைகள் கூர்மையாகவே இருக்கும். இதில் பள்ளமும் மேடும் ஒரே அளவில் மழுங்கியிருந்தன. தேய்மானம் அப்படி வேலை செய்யாது.

நிறத்தையும் பார்த்தோம். பழைய செம்பில் முதலில் சிவப்பு ஆக்சைடு படியும், அதன் மேல்தான் பச்சைக் களிம்பு. பல வருஷங்களில் உலோகத்தோடு ஒட்டி வளர்ந்தது என்பதால் நகத்தால் சுரண்டினால் லேசில் வராது. இந்தக் காசில் இருந்த கரும்பச்சை, நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனில் நனைத்த பஞ்சில் ஒரே துடைப்பில் வந்துவிட்டது. பஞ்சில் கறுப்பு, காசின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு மினுக்கு. (நல்ல பழைய காசு கையில் இருந்தால் தயவுசெய்து புளி போட்டு விளக்கிவிடாதீர்கள். வயதைச் சொல்லும் சாட்சியே அந்தக் களிம்புதான்.)

அப்புறம்தான் தண்ணீர். நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசில் முதலில் காசை மட்டும் வைத்தோம்: 22.40 கிராம். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முங்கும்படி பிடித்தான் தம்பி. தராசு 2.67 என்றது. அது காசு விலக்கிய தண்ணீரின் எடை. தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராம் என்பதால், காசின் கன அளவும் 2.67தான். 22.40ஐ 2.67ஆல் வகுத்தால் 8.39. செம்பின் அடர்த்தி 8.96. பித்தளைக்குத்தான் 8.4, 8.5 வரும்.

இரிடியத்தின் அடர்த்தி 22.56. இந்தக் காசு இரிடியமாக இருந்தால் 60 கிராம் காட்டியிருக்க வேண்டும். செம்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகும், இரிடியம் உருக 2,446 டிகிரி வேண்டும். இடி விழுந்தாலும் செம்பு இரிடியமாக மாறாது. அரிசி இழுப்பது இரும்புத்தூளும் காந்தமும் வைத்துச் செய்யும் வித்தை. செம்புக்கோ இரிடியத்துக்கோ அரிசியோடு எந்த உறவும் இல்லை. இந்தக் கதையை நம்பி நிலத்தை விற்றவர்கள், வீட்டை அடமானம் வைத்தவர்கள் பற்றிச் செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம், யாராவது அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக் காட்டியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

இதற்கு மேலும் சந்தேகம் என்றால் நகைக்கடையில் இருக்கும் கேரட் மீட்டர் உதவும். அது எக்ஸ் கதிரைப் பாய்ச்சும். காசிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் பதில் கதிரை வெளியிடும். துத்தநாகம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடும். ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டும். முலாம் பூசியிருந்தால் ஏமாறும். தண்ணீர் முழுக் காசையும் எடைபோடும்.

அசல் எப்படி இருக்கும் என்று காட்ட, என்னிடம் இருந்த 1808 இருபது காசைக் கொடுத்தேன். இந்த மாதிரிக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மோதி முழுகியது. 1980களில் அதிலிருந்து காசுகளை அள்ளி எடுத்தார்கள். சென்னைக் கடைத்தெருவில் புழங்கியிருக்க வேண்டியவை, 170 வருஷத்துக்கு மேல் கடலடியில் கிடந்தன. ஒன்பது கிராம் சொச்சம் எடை, ஒரு பக்கம் கம்பெனிச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. உப்பு தின்ற மேனியிலும் எழுத்தின் ஓரம் கத்தி போல இருப்பதைத் தம்பி லென்ஸில் ரொம்ப நேரம் பார்த்தான்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கியிருந்தது: வார்க்காமல், கணினி வைத்து எஃகில் புது அச்சு வெட்டி, அழுத்தியே அடித்தால்? அப்படியும் செய்கிறார்கள். அங்கே துளையும் இருக்காது, கோடும் இருக்காது. அதைப் பிடிக்க ஒரே மாதிரி இரண்டு காசு வேண்டும். புழக்கத்தில் விழும் அடி ஒவ்வொரு காசுக்கும் ஒவ்வொரு இடத்தில் விழும். அச்செடுக்கப் பயன்பட்ட தாய்க்காசில் ஒரு வடு இருந்தால், வார்த்தாலும் சரி அடித்தாலும் சரி, குட்டிகள் அத்தனையிலும் அதே இடத்தில் அதே வடு வரும்.

பத்து நாள் கழித்து தம்பி வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினான். வேறு ஊர், வேறு ஆள், அவர் கேட்டது பன்னிரண்டாயிரம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அனுமன் வாலுக்குக் கீழே அதே பிறைக் கீறல். தம்பி அதைச் சிவப்பில் வட்டம் போட்டே அனுப்பியிருந்தான்.