ஹார்வி மில் நெசவாலையா?

மதுரையின் தொழில் வரலாற்றைப் பற்றி மொழிபெயர்ப்பாக வருகிற கட்டுரைகளில் ‘ஹார்வி நெசவாலை’ என்ற தொடர் விடாமல் வந்துகொண்டிருக்கிறது. அண்மையில் படித்த ஒன்று இன்னும் ஒரு படி மேலே போய், நெசவாலை வந்ததும் நெசவாளர்கள் ஆலைத் தொழிலாளர்கள் ஆகிவிட்டார்கள் என்றே எழுதியிருந்தது. மூலத்தில் இருந்திருக்கக்கூடியது ‘காட்டன் மில்’ என்ற இரண்டே சொற்கள். அதைப் பிழையாகத் தமிழாக்கப் போய், ஒரு ஊரின் வரலாறே தடம் மாறிவிட்டது.

மில் என்பதன் வேர் லத்தீன். அரைத்தல் என்று பொருள். மாவு மில், ரைஸ் மில் என்று நாம் சொல்வதில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. தண்ணீர் விசையால் மாவுக்கல்லைச் சுழற்றிய கட்டடங்களில் பிறகு நூற்கும் கதிர்களைச் சுழற்றினார்கள், பெயர் தங்கிவிட்டது. நம் ‘ஆலை’யும் இதே வழியில் வந்த சொல்தான். முதலில் அது கரும்பு பிழியும் இடம். ‘கார்க் கரும்பின் கமழ் ஆலை’ என்கிறது பட்டினப்பாலை. பாரதியார் ‘ஆலைகள் வைப்போம்’ என்று பாடுகிற காலத்தில் எல்லா இயந்திரத் தொழிலுக்கும் உரிய பொதுச்சொல் ஆகிவிட்டது. ஆகவே மில்லுக்கு ஆலை என்பது மிகப் பொருத்தமான தமிழ். தொழிலகம், இயந்திரசாலை என்றெல்லாம் புதிதாகத் தேட வேண்டியதில்லை.

சிக்கல் ஆலைக்கு முன்னால் ஒட்டுகிற சொல்லில்தான் இருக்கிறது.

பஞ்சு துணியாவதற்கு நடுவே பல தொழில்கள் உண்டு. கொட்டை நீக்குவது பருத்தி அரவை. பஞ்சை இழையாக முறுக்குவது நூற்பு. இழையை நீளவாட்டில் பாவும் குறுக்கே ஊடையுமாகக் கோப்பது நெசவு. நூற்றலும் நெய்தலும் தமிழில் வேறு வேறு வினைகள், சங்க காலத்திலிருந்தே அப்படித்தான். பருத்தி நூற்ற பெண்ணைப் புறநானூறு ‘பருத்திப் பெண்டு’ என்கிறது. அவள் கையில் இருப்பது பனுவல், அதாவது நூற்கப் பக்குவப்படுத்திய பஞ்சு. அவளை நெசவாளி என்று யாரும் சொன்னதில்லை.

1889-இல் ஹார்வி சகோதரர்கள் மதுரை ரயில் நிலையத்தை ஒட்டித் தொடங்கிய மதுரா மில்லில் முதன்மையாக நடந்தது நூற்பு. கரிசல் காட்டுப் பருத்தி உள்ளே போகும், நூல் வெளியே வரும். அந்த நூலை வாங்கிக் குழித்தறியில் நெய்தவர்கள் ஊரின் இன்னொரு பக்கத்தில் இருந்தார்கள். மகாலைச் சுற்றியும் முனிச்சாலைப் பக்கமும் சௌராஷ்டிரர் வீடுகளில் தறி ஓடியது, தெருவில் பாவு நீண்டது. மில் சங்கு ஊதியதும் கிளம்பி உள்ளே போனவர்கள் வேறு. மேலப்பொன்னகரம், மணிநகரம் என்று மேற்கே குடியேறியவர்கள், கள்ளர் நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள், பிற்பாடு திருப்பரங்குன்றம் அருகே ஹார்விபட்டிக் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள். மில் வந்ததால் வேலை போனது நெசவாளருக்கு அல்ல, வீட்டில் ராட்டை சுற்றிய பெண்களுக்கு. நெசவாளர் மில் நூலைக் கொண்டு மேலும் நெய்தார்கள். நூல் விலை ஏறினால் தவித்தார்கள். ‘நெசவாலை’ என்று ஒரு எழுத்தாளர் எழுதிவிட்டால் இந்த இரண்டு கூட்டமும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது, ராட்டைப் பெண்கள் காணாமலே போய்விடுகிறார்கள்.

நெசவாலை என்ற சொல்லின் மீதே எனக்குப் பகை இல்லை. விசைத்தறிகளை வரிசையாக நிறுத்தித் துணி நெய்கிற இடத்துக்கு அது தகும். நூற்பும் நெசவும் ஒரே வளாகத்தில் நடந்தால் ‘கூட்டு ஆலை’ எனலாம். இங்கிலாந்தின் லங்காஷயரிலேயே ஓல்டாம் நூற்பு ஊர், பர்ன்லி நெசவு ஊர் என்று பிரித்துச் சொல்கிறார்கள். அந்த நாட்டுக்காரர்கள் காக்கிற வேறுபாட்டை, இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் நாம் ஏன் விட வேண்டும்?

‘ஜவுளி ஆலை’ என்பதும் இதே மழுப்பல்தான். ஜவுளி என்றால் துணி. நூல் சிட்டம் என்கிற கற்றையாகவும் கோன் என்கிற கூம்புச் சுற்றாகவும் வெளியேறுகிற வாசலில் ஜவுளி எங்கே இருக்கிறது?

சரியான சொல் நூற்பாலை. நூற்பு, ஆலை இரண்டும் சேர்ந்தது. இலக்கணம் படித்த நண்பர்கள் சிலர் இதற்கு ஒரு தடை சொல்கிறார்கள்: கண்ணுக்கு முதலில் ‘நூற்பா’ தெரிகிறது, சூத்திரம் என்று நினைத்துவிடுவார்கள் என்று. வாசகர் அவ்வளவு தடுமாறுவார் என்று நான் நம்பவில்லை. அப்படியே தோன்றினால் ‘நூற்பு ஆலை’ என்று பிரித்து எழுதுங்கள், தீர்ந்தது. ‘பஞ்சாலை’யும் நல்ல சொல், தொழிற்சங்கங்கள் வளர்த்த சொல், உழைத்தவர்கள் தாங்களே ஏற்றுக்கொண்டது. உள்ளே போகிற பொருளால் அது பெயர் பெற்றது, ஆகவே பொய் சொல்லாது. நெசவு பற்றியும் பேசுகிற கட்டுரையில் மட்டும் நூற்பாலை கூடுதலாகத் தெளிவு தரும்.

இந்த அவசரத் தமிழாக்கம் இன்னொரு பக்கத்திலும் கெடுத்து வைத்திருக்கிறது. பழைய ஆவணங்களில் சௌராஷ்டிரரைப் ‘பட்டுநூல்காரர்’ என்று குறித்தார்கள். அது ஆங்கிலத்துக்குப் போய் மறுபடி தமிழுக்குத் திரும்பும்போது ‘பட்டு நூற்போர்’ ஆகிவிடுகிறது. அவர்கள் நெய்தவர்கள், சாயம் தோய்த்தவர்கள், சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர்கள். நூற்றவனை நெய்தவன் என்றும், நெய்தவனை நூற்றவன் என்றும் ஒரே கட்டுரை சொல்கிறது! மொழிபெயர்ப்பாளர் அகராதியை மூடிவிட்டுக் கீழவாசல் பக்கம் ஒரு தறிக்காரரிடம் ‘ஐயா, நூல் எங்கிருந்து வரும்?’ என்று கேட்டிருந்தால் இரண்டு பிழையும் நேர்ந்திருக்காது. சொல்லாக்கம் என்பது தொழிலைப் பார்த்த பிறகு செய்ய வேண்டிய வேலை.

ஆனால் மில்லின் சொந்தப் பெயரை மாற்ற வேண்டாம். தனித்தமிழில் எனக்குப் பற்று உண்டு, ஆனாலும் மதுரைக்காரர் வாயில் அது ஹார்வி மில், பிறகு கோட்ஸ் மில். ‘ஹார்வி மில் என்ற நூற்பாலை’ என்று முதல் முறை எழுதிவிட்டு, அதன்பின் ‘மில்’ என்றே தொடரலாம்.