மாஸ்டரிடம் சொல்லாத வலி

12 வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா என் பிசியோதெரபி கிளினிக்குக்கு அழைத்து வந்திருந்தார். பொங்கல் முடிந்த வாரம். வலது முட்டிக்குக் கீழே பாதி நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். தொட்டதும் காலை இழுத்துக்கொண்டான். எத்தனை நாளாக என்று கேட்டேன். "ஒரு வாரமா சார்" என்றார் அம்மா. பையன் தரையைப் பார்த்தபடி, "தீபாவளிக்கு முன்னாடியே இருக்கு" என்றான். அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார். ஏன்டா சொல்லலை என்று கேட்டதற்கு வந்த பதில்: "சொன்னா பெல்ட் டெஸ்ட்டுக்கு விட மாட்டாங்க."

அவன் கராத்தேயில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் வகுப்பு. வார்ம்-அப்பிலேயே 100 தவளைத் தாவல், அப்புறம் மைதானத்தைச் சுற்றி வாத்து நடை. பிறகுதான் பஞ்ச், கிக் எல்லாம்.

அந்த வீக்கத்துக்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தொடையின் முன்பக்கத் தசை முட்டிச் சில்லைத் தாண்டி வந்து, கால் எலும்பின் மேல்முனையில் இருக்கும் ஒரு சின்ன மேட்டில் ஒட்டுகிறது. பெரியவர்களுக்கு அந்த மேடு முழு எலும்பு. வளரும் பிள்ளைகளுக்கோ அங்கே இன்னும் குருத்தெலும்பு இருக்கிறது. சட்டென்று உயரம் கூடும் வயதில் எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காமல் இறுகி நிற்கும். அந்த நேரம் பார்த்து குதிப்பதும் முழுக்கக் குந்தி எழுவதும் அதிகமானால், தசை தான் ஒட்டியிருக்கும் இடத்தையே இழுத்து இழுத்துப் புண்ணாக்குகிறது. குதிகாலிலும் இதே கதை நடக்கும். வெறுங்காலோடு சிமென்ட் தரையில் குதிக்கும் 9, 10 வயதுப் பிள்ளைகள் குதிகால் வலி என்று வந்தால் நான் முதலில் இதைத்தான் நினைப்பேன்.

கராத்தேயை நிறுத்தச் சொல்லிவிடுவேன் என்று பையன் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஆறு வாரத்துக்குத் தாவல் வேண்டாம், வாத்து நடை வேண்டாம், காலை அகட்டித் தாழ்ந்து நிற்கும் கிபா தாச்சியில் பாதி அளவுக்குத் தாழ்ந்தால் போதும், கை வேலையும், தனியாக வரிசையாகச் செய்யும் அசைவுகளான கட்டாவும் வலிக்காத அளவுக்குச் செய்யலாம் என்றேன். வகுப்பு முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், தினமும் தொடைத் தசைக்கு ஸ்ட்ரெட்சிங். பெரும்பாலான பிள்ளைகளுக்கு எலும்பு வளர்ந்து முடியும்போது இந்த வலி தானாகவே அடங்கிவிடும். அதுவரை அதைச் சீண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம்.

அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அவன் மாஸ்டருக்கு போன் செய்தேன். கோபப்படுவாரோ என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே உட்கார வெச்சிருப்பேனே சார்." அவர் சொன்னது உண்மை என்றே நம்புகிறேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் பிள்ளைக்கு மூன்று மாதமாக வாய் வரவில்லை.

கராத்தே கற்க வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. எந்த வலி இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பது அது. முதல் மாதத்தில் தொடை, கெண்டைக்கால், தோள் எல்லாம் வலிக்கும். மாடிப்படி இறங்கும்போது முகம் சுளிக்கும். இரண்டு மூன்று நாளில் அது போய்விடும். அது தசை வேலை செய்ததற்கான வலி, இருக்கட்டும். வலி எங்கே என்று கேட்டால், இந்த வலிக்காரர்கள் உள்ளங்கையால் தொடை முழுக்கத் தடவிக் காட்டுவார்கள். அப்படி இல்லாமல் ஒரே விரலை ஒரே இடத்தில் குத்திக் காட்டினால் நான் உஷாராகிவிடுவேன். ஒரு பக்கம் மட்டும் வலி, மூட்டில் வீக்கம், முட்டி பூட்டிக்கொள்வது, நொண்டி நடப்பது, ராத்திரி தூக்கத்தைக் கலைக்கும் வலி, இவற்றில் எது இருந்தாலும் எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். 'பழகப் பழகச் சரியாகிவிடும்' என்ற பேச்சு தசைக்குப் பொருந்தும், மூட்டுக்குப் பொருந்தாது.

பெரியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது மவாஷி கேரி என்கிற சுழற்றி உதைக்கும் கிக்கில்தான். எல்லோரும் உதைக்கிற காலையே பார்ப்பார்கள். நான் பார்ப்பது ஊன்றி நிற்கிற காலை. இடுப்பு திரும்பும்போது அந்தப் பாதமும் கூடவே திரும்ப வேண்டும். புதியவர்கள் பாதத்தைத் தரையில் அப்படியே பதித்து வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் சுழற்றுவார்கள். நடுவில் இருக்கும் முட்டிதான் முறுக்கிக்கொள்ளும். ஜவ்வு கிழிவது இப்படித்தான். மொட்டைமாடி சொரசொரப்புத் தரையில் வெறுங்கால் இன்னும் ஒட்டும், ஆபத்தும் கூடும். பாதம் தானாகத் திரும்பப் பழகும்வரை இடுப்புக்கு மேலே கிக் போக வேண்டிய அவசியமே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, வெறும் பாதத் திருப்பலை மட்டும் ஒரு வாரம் செய்யுங்கள். முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி நிற்கும் சென்குட்சு தாச்சியில் முன்கால் முட்டி உள்ளே சாயாமல் பாதத்துக்கு நேரே நிற்கிறதா என்பதையும் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நானும் 41 வயதில், மகளைச் சேர்க்கப் போன வகுப்பிலேயே வெள்ளை பெல்ட்டோடு சேர்ந்தவன். மூன்றாம் மாதம் முழங்கையில் வலி வந்தது. காற்றில் குத்தும்போது கையை முழு வேகத்தில் கடைசிவரை நீட்டி, மூட்டில் அடி வாங்கிக்கொண்டிருந்தேன். என்ன கோளாறு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மாஸ்டரிடம் சொல்ல இரண்டு வாரம் ஆனது. வரிசையில் நின்றுகொண்டு கையைத் தூக்கி 'வலிக்கிறது' என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியவனுக்கே அப்படியென்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சொன்ன பிறகு மாஸ்டர் ஒரே ஒரு திருத்தம்தான் செய்தார். பஞ்ச் முடியும் இடத்தில் முழங்கையை ஒரு நூலளவு மடக்கியே நிறுத்தச் சொன்னார். பத்து நாளில் வலி போய்விட்டது.

பள்ளி ஆண்டு விழாக்களில் பிள்ளைகள் ஓடு உடைப்பதையும், படுத்துக்கொண்டு கைமேல் பைக் ஏற்றிக்கொள்வதையும் நான் வெளிப்படையாகவே எதிர்க்கிறேன். ஆள்காட்டி விரல் முதல் சுண்டுவிரல் வரை, உள்ளங்கை எலும்புகள் வளர்வது அவற்றின் நுனியில், அதாவது நாம் ஓட்டின் மேல் இறக்குகிற அந்த விரல் முட்டிகளுக்கு ஒட்டினாற்போல. எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாத கையைக் கல்லில் இடிக்க வைப்பதற்குக் கைதட்டக் கூடாது. சிமென்ட் தரையில் முஷ்டியை ஊன்றி எடுக்கும் தண்டாலும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். உள்ளங்கையை ஊன்றி எடுக்கட்டும், தோளுக்கும் மார்புக்கும் அதே பலன்தான்.

ஒன்றரை வருடத்தில் பிளாக் பெல்ட் கிடைக்குமா என்று கேட்கும் பெற்றோர்களைப் பார்க்கிறேன். ஒகினாவாவில் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்த இத்தோசு அன்கோ 1908-ல் எழுதிய கடிதத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. கராத்தே சீக்கிரத்தில் கைவராது, மாடு மெதுவாக நடந்தாலும் கடைசியில் வெகுதூரம் போய்ச் சேருவதைப் போன்றது அது என்கிறார். தினமும் 1, 2 மணி நேரம் ஊன்றிப் பழகினால் 3, 4 வருடத்தில் உடல் மாறியிருக்கும் என்பது அவர் கணக்கு. இன்று ஷோட்டோகான் என்ற கராத்தே பாணியின் வகுப்புகளில் பிள்ளைகள் முதலில் கற்கும் ஹெய்யான் கட்டாக்களுக்கு மூலம், அவர் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்த பினான் கட்டாக்கள்தான். பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தவரே அவசரப்படவில்லை.

இருவர் மோதிப் பழகும் குமித்தேயில் தலையில் அடிபட்டால் அன்று அதோடு பயிற்சி முடிந்தது. நன்றாகத்தானே இருக்கிறான் என்று மறுபடி இறக்கக் கூடாது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறல், தூங்கி வழிவது இருந்தால் உடனே மருத்துவமனை. மே மாத முகாம்களில் தாகம் எடுக்கும்போது தண்ணீர் குடிக்க விட வேண்டும். 'கிளாஸ் முடியும்வரை தண்ணீர் கிடையாது' என்பதை ஒழுக்கம் என்று ஏற்றுக்கொள்ள வேண்டாம். சர்க்கரை இருக்கிற பெரியவர்கள் வெறுங்காலில் பயிற்சி செய்தால் வீட்டுக்கு வந்ததும் பாதத்தையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண் வந்தாலும் தெரியாது. கால் மரத்துப்போகிற தொந்தரவு ஏற்கெனவே இருந்தால், வெறுங்காலே வேண்டாம். மெல்லிய ஷூ போட்டுக்கொள்ள மாஸ்டரிடம் கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் மூச்சை அடக்கி முக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்.

பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் ஒரு மாலை அந்த வகுப்புக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களைப் பார்த்தது போதும். ஒரு பிள்ளை வலிக்கிறது என்று நிற்கும்போது மாஸ்டர் முகத்தைப் பாருங்கள், மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்களா என்று பாருங்கள்.

அந்தப் பையனின் மாஸ்டரை மார்ச்சில் நேரில் சந்தித்தேன். இப்போதெல்லாம் வணக்கம் சொல்லி வரிசையில் நின்றதும், வார்ம்-அப்புக்கு முன்னால் "யாருக்கு எங்கே வலிக்குது?" என்று கேட்கிறாராம். முதல் வாரம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது வாரம் அவரே தன் பழைய தோள் வலியைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஏழு கைகள் உயர்ந்தனவாம்.