பேடில் ஸ்டீமர்னா என்ன, தமிழ்ல என்னன்னு சொல்றது?

களி கிண்டுற துடுப்பு பாத்திருக்கீங்களா, தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் பல வீட்ல இருக்கும், அதுவும் துடுப்புதான் படகு வலிக்கிறதும் துடுப்புதான். இங்கிலீஷ்ல பேடில் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான், மொதல்ல அது மண்வெட்டி மாதிரி ஒரு சின்ன சாமான், ஏர்ல ஒட்டுன மண்ண சுரண்டுறதுக்கு, அப்புறம்தான் தண்ணிக்கு வந்துச்சு. ஸ்டீம்னா நீராவி. ஆக பெரிய சக்கரத்த சுத்தி துடுப்புப் பலகைய மாட்டி, நீராவி இஞ்சின் அத சுத்த சுத்த தண்ணிய பின்னால தள்ளிட்டு முன்னால போற கப்பல்தான் பேடில் ஸ்டீமர். பேருக்கு முன்னாடி பி.எஸ்.னு இருந்தா அதுக்கு அர்த்தம் இதான்.

ஐரோப்பாவுல டிக்கெட் போட்டு ஜனங்கள ஏத்தி நல்லா ஓடுன மொத ஸ்டீமர் 1812-ல ஸ்காட்லாந்தோட கிளைட் ஆத்துல, கிளாஸ்கோ கிரீனக்னு ரெண்டு ஊருக்கு நடுவுல ஓடுன காமெட். வேவர்லிங்கற பேடில் ஸ்டீமரும் அதே கிளைட் ஆத்தைச் சேந்ததுதான், 1947-ல ஓட ஆரம்பிச்சு 1974-ல ஒரே ஒரு பவுண்டுக்கு கைமாறுனது, இன்னைக்கும் ஆள் ஏத்திட்டு கடலுக்கு போகுது. இஞ்சின் ரூம் தொறந்தே இருக்கும், சக்கரத்த சுத்த வைக்கிற மூணு வளைஞ்ச தண்டு, அதாவது கிராங்க், எண்ணெய் மினுமினுக்க பொரளுறத நடைபாதையில நின்னே பாக்கலாம். ரெண்டு பக்க சக்கரமும் ஒரே அச்சுத்தண்டுல இருக்கறதால ஒண்ண முன்னாடியும் ஒண்ண பின்னாடியும் சுத்தி சட்டுனு திருப்ப முடியாது, படகுத்துறையில கொண்டுவந்து அணைக்கிறதுக்குள்ள கேப்டனுக்கு வேர்த்துடும்னு நெனைக்கிறேன்.

ஸ்காட்லாந்துல செம போதையில இருக்கறவன 'ஸ்டீமிங்'னு சொல்லுவாங்க. 1853 சட்டம் ஞாயித்துக்கிழமை சாராயக்கடைய மூடிடுச்சு, பயணிகளுக்கு மட்டும் விலக்கு, அதனால குடிக்கறதுக்குன்னே ஸ்டீமர் ஏறுனாங்க, அதுல வந்த சொல்லுன்னு கத சொல்றாங்க. உண்மையோ பொய்யோ கேக்க நல்லாருக்கு.

சரி தமிழுக்கு வருவோம். பழைய அகராதிகள்ல புகைக்கப்பல்னு இருக்கு, புகைவண்டிக்கு அண்ணன் மாதிரி அழகான சொல்லு. நீராவிக் கப்பல்னும் சொல்றோம். ஆனா ரெண்டுலயும் சக்கரமே இல்லையே? சக்கரத்துக்கு பதிலா தண்ணிக்கடியில சுத்துற விசிறி மாதிரி ப்ரொப்பெல்லர் வச்ச கப்பலும் நீராவியில ஓடுனா நீராவிக் கப்பல்தான். பங்களாதேஷ்ல டாக்கால இருந்து ஓடுன பழைய 'ராக்கெட்' ஸ்டீமர்கள பின்னாடி டீசலுக்கே மாத்திட்டாங்க, நீராவி போயிடுச்சு, சக்கரம் போகல, பேரும் ஸ்டீமர்தான். அதனால சக்கரத்த விட்டுட்டு பேரு வைக்கக்கூடாதுங்கறது என் கட்சி: துடுப்புச் சக்கரக் கப்பல். ஆழின்னா சக்கரம், கடலும் ஆழிதான், அத வச்சு துடுப்பாழின்னு சொல்ல எனக்கு ஆசைதான், ஆனா கேக்கறவங்க என்ன மீன் அதுன்னு கேப்பாங்க.