மஸ்க் வாசனை: லேபிள் சொல்லாத விவரங்கள்

மஸ்க் (கஸ்தூரி வாசனை) கலந்த லோஷன், பாடி ஸ்பிரே பாதுகாப்பானதா என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. இன்று மஸ்க் என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஆய்வகத்தில் தயாரான பல வேதிப்பொருள்கள். ஒவ்வொன்றின் சிக்கலும் வேறு. லேபிளிலோ 'பர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும்.

மூத்தவை நைட்ரோ மஸ்க்குகள். வெடிமருந்து ஆய்வின்போது ஆல்பர்ட் பௌர் 1888இல் தற்செயலாகக் கண்டது இந்த வகை. இதில் மோசமானது மஸ்க் ஆம்ப்ரெட். ஆஃப்டர்ஷேவில் இருந்த இது, வெயில் பட்டதும் ஒவ்வாமையைக் கிளப்பியது. சிலருக்கு அதை நிறுத்திய பிறகும் வெயில் தாங்காத நிலை நீடித்தது. எலிகளில் நரம்புச் சேதமும் தெரிந்ததால் ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனங்களில் இதைத் தடை செய்தது. உடலிலும் சூழலிலும் சேர்ந்து தங்கும் மஸ்க் சைலீனை, 2014 ஆகஸ்ட் 21க்குப் பிறகு தனி அனுமதியின்றி அங்கே பயன்படுத்த முடியாது. மஸ்க் கீட்டோனுக்கு வரம்பு மட்டும் உண்டு: பர்ஃப்யூமில் 1.4%, ஓ டி டாய்லெட்டில் (அடர்த்தி குறைந்த பர்ஃப்யூம்) 0.56%, மற்றவற்றில் 0.042%.

அந்த இடத்தைப் பிடித்தவை கேலக்சோலைடு, டோனலைடு போன்ற பாலிசைக்ளிக் மஸ்க்குகள். விலை குறைவு; துவைத்த பிறகும் துணியில் ஒட்டியிருக்கும். அதனால்தான் சலவைத் தூள், ஃபேப்ரிக் கண்டிஷனர் எல்லாவற்றிலும் இருக்கின்றன. கொழுப்பில் கரைபவை என்பதால் ரத்தத்திலும் உடல் கொழுப்பிலும் தாய்ப்பாலிலும் பதிவாகியுள்ளன. கர்ப்ப காலத்தில் பர்ஃப்யூம் அதிகம் பூசிய பெண்களின் பாலில் கேலக்சோலைடு கூடுதலாக இருந்ததை ஸ்வீடன் ஆய்வொன்று காட்டியது. இதைப் படித்துவிட்டுத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது மார்பிலும் கழுத்திலும் அடிக்கும் ஸ்பிரேயை. ஹார்மோன் பாதிப்பு என்ற பயத்துக்கு அடிப்படை, செல் ஆய்வுகளில் தெரிந்த பலவீனமான விளைவுகள். அவற்றை வைத்து மனிதருக்கு நோய் வரும் என்று சொல்வது அவசரம். அதே சமயம், ஒதுக்கித் தள்ளவும் முடியாது.

எத்திலீன் பிராசிலேட் போன்ற மேக்ரோசைக்ளிக் மஸ்க்குகள் சூழலில் எளிதாகச் சிதைபவை. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பிருந்தால் இவை மேல்.

தோல் சோதனையில் ஒரு பொறி உண்டு. வழக்கமான பேட்ச் டெஸ்டில் (பொருளைத் தோலில் ஒட்டி ஒவ்வாமையைப் பார்ப்பது) பயன்படும் இரண்டு வாசனைக் கலவைகளிலும் மஸ்க் எதுவும் கிடையாது. எனவே முடிவு நெகட்டிவ் என்பதாலேயே மஸ்க் குற்றமற்றது என்று ஆகிவிடாது. பயன்படுத்திய பொருளையே கொண்டுவந்து சோதிக்க வேண்டும். முகம், கழுத்து சிவந்து, வெயில் படாத தாடைக்கு அடியிலும் காதுக்குப் பின்னாலும் தோல் சரியாக இருந்தால் வெயிலைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது தேவை ஃபோட்டோபேட்ச் டெஸ்ட்: ஒரே பொருளை முதுகில் இரண்டு இடங்களில் ஒட்டி, ஒன்றின் மேல் மட்டும் யூவிஏ (புற ஊதா) ஒளி பாய்ச்சி ஒப்பிடுவது. (நடைமுறையில் மஸ்க்கைவிட மற்ற வாசனைப் பொருள்கள்தான் அதிகம் ஒவ்வாமை தருகின்றன. எல்லாப் பழியையும் இதன் தலையில் போட வேண்டாம்.)

குறைக்க நினைப்பவர்கள் சோப்பில் தொடங்க வேண்டாம். அது கழுவினால் போய்விடும். லோஷன், டியோடரண்ட், ஃபேப்ரிக் கண்டிஷனர் ஆகியவை நாள் முழுக்கத் தோலோடு இருப்பவை. முதலில் மாற்ற வேண்டியவை அவைதான். 'வாசனை சேர்க்கப்படவில்லை' என்று எழுதியதை எடுங்கள். 'மணமற்றது' என்பதில் மூல வாடையை மறைக்க வாசனைப்பொருள் கலந்திருக்கலாம். கேலக்சோலைடின் வாசனை சிலருக்குத் தெரியவே தெரியாது. மணக்கவில்லையே என்று அவர்கள் மேலும் மேலும் அடித்துக்கொள்வார்கள்.

புதிய லோஷனை முன்கையின் உள்பக்கம் ஒரே இடத்தில் தினம் இருமுறை, இரண்டு வாரம் தடவிப் பாருங்கள். இரண்டு நாளில் ஒன்றும் வரவில்லை என்று நிறுத்திவிட்டால், தாமதமாக வரும் ஒவ்வாமை தப்பிவிடும்.

ஐரோப்பிய விதிப்படி 2026 ஜூலை 31 முதல் புதிய பொருள்களில் கேலக்சோலைடு 0.001%க்கு மேல் இருந்தால் (கழுவிவிடும் பொருளில் 0.01%) பெயரைக் குறிப்பிட வேண்டும். லேபிளில் அது 'ஹெக்சாமெத்தில்இண்டனோபைரான்' என்றுதான் இருக்கும். தயாரிப்பாளரிடம் கேட்பதானால் வணிகப் பெயரை விட்டுவிட்டு சிஏஎஸ் எண்ணை (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள அடையாள எண்) சொல்லிக் கேளுங்கள்: கேலக்சோலைடு 1222-05-5, டோனலைடு 1506-02-1, மஸ்க் கீட்டோன் 81-14-1, மஸ்க் சைலீன் 81-15-2.