தூண்டில் வீச்சு காயத்தை எப்படி ஆற்றுகிறது?

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டுதான் பறக்கிறது. தூண்டில் நரம்பு, அதாவது நைலான் இழை, அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. ‘ஃபிளை ஃபிஷிங்’ எனப்படும் ஈத்தூண்டிலில் இது தலைகீழ். முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிக்கு எடை இல்லை என்றே சொல்லிவிடலாம். அதனால் வீசுவதற்கு வேண்டிய எடையைக் கயிற்றிலேயே வைத்துவிட்டார்கள். கயிறுகளுக்கு எடையை வைத்தே எண் இடுகிறார்கள்; பரவலாகப் பயன்படும் ஐந்தாம் எண் கயிற்றின் முதல் 30 அடி சுமார் 9 கிராம். மீன் பிடிப்பவர் வீசுவது அந்த 9 கிராமைத்தான்.

போரில் உறுப்பிழந்த, மனம் குலைந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு இந்தத் தூண்டில் உதவுவதன் காரணம் பெருமளவு இந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

எட் நிக்கல்சன் ஓய்வுபெற்ற கடற்படை கேப்டன். 2004-இல் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் புற்றுநோய்க்காகச் சிகிச்சை பெற்றபோது, இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கை கால்களை இழந்து திரும்பிய இளைஞர்களைப் பார்த்தார். அடுத்த ஆண்டே மருத்துவமனைப் புல்வெளியில் அவர்களுக்குக் கயிறு வீசக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அந்த முயற்சிதான் ‘ப்ராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ்’ என்ற அமைப்பாகி, இன்று அமெரிக்கா முழுவதும் கட்டணமின்றி இயங்குகிறது.

வீச்சின் இயற்பியலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கோலைப் பின்னோக்கி வீசும்போது கயிற்றின் எடை கோலை வளைக்கிறது. கையைச் சட்டென நிறுத்தினால் கோல்நுனி நிற்கிறது, கயிறு நிற்பதில்லை. அது நுனியைத் தாண்டிப் போய், கொண்டை ஊசி வளைவாக மடிந்து அவிழ்கிறது. வளைவின் கீழ்ப்பகுதி கோலோடு நின்றுவிட, மேல்பகுதி மட்டும் ஓடுகிறது. அவிழ அவிழ ஓடும் பகுதி குறுகிக்கொண்டே வரும். ஆற்றல் மேலும் மேலும் சிறிய எடைக்குள் சேர்வதால், காற்றுத் தடையையும் மீறி வேகம் நுனிவரை தாக்குப்பிடிக்கிறது. சாட்டையைச் சொடுக்கும்போது நடப்பதும் இதுவே.

பின்னால் கயிறு முழுதாக நீளும்வரை காத்திருந்த பிறகே முன்னால் வீச வேண்டும். அவசரப்பட்டால் கயிறு தொய்ந்திருக்கும், கோல் வளையாது. சில சமயம் ‘படீர்’ என்ற ஓசையோடு பூச்சி அறுந்துபோகும். முரட்டு பலமும் உதவாது: கோல்நுனி நேர்கோட்டை விட்டு விலகி, வளைவு அகன்று, கயிறு அருகிலேயே குவிந்துவிடும். வலிமையைவிட நேரக்கணக்குக்கே பலன் தரும் வேலை இது. தளர்ந்த தோளும் செயற்கைக் கையும் இதற்குப் போதும்.

சக்கர நாற்காலியில் இருப்பவர் கயிற்றைப் பின்னால் பறக்கவிடவே தேவையில்லை. ‘ரோல் காஸ்ட்’ என்ற முறையில் கயிற்றின் முன்பகுதி நீர்ப்பரப்பிலேயே கிடக்கும். நீர் அதைப் பிடித்துவைப்பதால் அந்தப் பிடிப்பே கோலை வளைக்கப் போதுமானது. ஒரு கை மட்டும் உள்ளவர்களுக்கு, கயிற்றைச் சுற்றிவைக்கும் சுருள் எந்திரமே இல்லாத ஜப்பானிய ‘டென்காரா’ கோல் வசதியானது. செயற்கைக் காலோடு ஆற்றில் இறங்கினால், காலடியில் உருண்டைக் கற்கள், பக்கவாட்டில் தள்ளும் நீர். கண்ணும் உட்செவியும் எஞ்சிய தசைகளும் சேர்ந்து நொடிக்கு நொடி சமநிலையைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மனத்துக்கு வருவோம். போர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன நெருக்கடியில் மூளையில் ஆபத்தையும் அச்சத்தையும் உணரும் பகுதியான அமிக்டலா மிகையாக இயங்குகிறது. ஆபத்து இல்லாத இடத்திலும் உடல் காவல் காக்கிறது. ‘மறந்துவிடு’ என்று அந்த விழிப்புக்குக் கட்டளையிட முடியாது. ஆனால் நீர்ப்பரப்பில் மீன் எழும் சுழிப்பைத் தேடும்போது அதே விழிப்புக்குத் தீங்கற்ற ஒரு வேலை கிடைக்கிறது. இது என் ஊகம்தான். மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ரேச்சல், ஸ்டீஃபன் கப்லான் இருவரும் சொன்னது வேறு: முயன்று குவிக்கும் கவனம் களைத்துப்போகும், ஓடும் நீரும் அசையும் இலையும் முயற்சியின்றி ஈர்ப்பதால் அதற்கு ஓய்வு கிடைக்கும்.

2013-இல் ‘மிலிட்டரி மெடிசின்’ ஆய்விதழில் வெளிவந்த முன்னோட்ட ஆய்வு, இந்த நெருக்கடி உள்ள 74 முன்னாள் வீரர்களைப் பெரும்பாலும் ஈத்தூண்டிலே இடம்பெற்ற இரண்டு நாள் முகாம்களில் கவனித்தது. பதற்றம் குறைந்தது, தூக்கம் மேம்பட்டது. ஆறு வாரம் கழித்தும் நோய்க்குறிகள் முன்பைவிடக் குறைவாகவே இருந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. நண்பர்களோடு மலைப்பக்கம் போய்வந்தாலே இந்தப் பலன் கிடைத்திருக்குமா என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்துக்கும் உளவியல் சிகிச்சைக்கும் மாற்றாக இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆற்றுக்குப் போக முடியாத மாதங்களில் ‘ப்ராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ்’ அமைப்பில் பொய்ப்பூச்சி கட்டும் வகுப்பு உண்டு. முள்ளை இடுக்கியில் பொருத்தி, நூலைச் சீரான இழுவிசையில் சுற்ற வேண்டும். நடுங்கும் விரலுக்கு நல்ல பயிற்சி. (தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுடைய கழுத்து இறகுகள், சால்மன் மீனைப் பிடிக்கும் பொய்ப்பூச்சிகளுக்காகவே பிரிட்டிஷ் காலத்தில் பெருமளவில் கப்பலேறின. இன்று 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பறவையைக் காக்கிறது.)

படங்களில் நாம் பார்ப்பது ஆற்றுப் பயணத்தைத்தான். என் பார்வையில் இந்தச் சாதாரண வகுப்புகளே முக்கியம். தசையும் நரம்பும் புதிய அசைவைப் பழகுவது மீண்டும் மீண்டும் செய்வதால்தான். வீட்டைவிட்டு வெளியே வரத் தயங்கும் ஒருவருக்கு, மறுபடியும் போயாக வேண்டிய ஓர் இடத்தையும் அவருக்காகக் காத்திருக்கும் சில மனிதர்களையும் தருவது அந்த வகுப்புதான்.